கையும் சொல்லும்: இந்திய மழலையர் கல்வியில் செய்து கற்றலின் வரலாறு

1. முன்னுரை

கற்றல் என்பது காதால் கேட்பதும் கண்ணால் காண்பதும் மட்டுமன்று, கையால் செய்வதும் ஆகும் என்னும் கருத்தினை இன்று கல்வியியலார் பெரும்பாலும் ஏற்பர். பள்ளி செல்லும் அகவைக்கு முற்பட்ட குழந்தைகளுக்கு இது மிகவும் பொருந்தும் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் இக்கருத்து இந்திய வகுப்பறைக்குள் எவ்வாறு வந்தது என்னும் வினாவிற்கு இருவேறு விடைகள் கூறப்படுகின்றன. இது முழுவதும் மேலை நாட்டு இறக்குமதியே என்பர் ஒரு சாரார். எல்லாம் நம் திண்ணைகளிலேயே இருந்தன என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுகளில் எதற்கும் வரலாறு முழுமையாக இடம் தரவில்லை.

இக்கட்டுரை அவ்வரலாற்றை மொழியியல் நோக்கில் ஆராய முற்படுகிறது. குழந்தையின் கை ஒரு பொருளைத் தொடும்பொழுது அதன் வாயில் எழும் சொல் எம்மொழிச் சொல் என்பதே இங்கு முதன்மையான வினா. கைச்செயலின் வரலாற்றைக் கல்வியியலார் எழுதியுள்ளனர். பயிற்றுமொழியின் வரலாற்றை மொழியியலார் எழுதியுள்ளனர். இரண்டையும் சேர்த்துக் காணும் முயற்சி மிகுதியாக இல்லை. இரண்டையும் பிரித்துக் கண்டதன் விளைவு நம் மழலையர் பள்ளிகளில் இன்றும் தொடர்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. மணலில் எழுதிய விரல்

1623ஆம் ஆண்டு கன்னட நாட்டின் இக்கேரிப் பகுதியில் பயணம் செய்த இத்தாலியரான பியத்ரோ தெல்லா வல்லே, கோயில் முகப்பு ஒன்றில் சிறுவர் நால்வர் கணக்குப் பயின்றதைக் கண்டு தம் பயணக் குறிப்பில் எழுதி வைத்தார். ஒருவன் பாடத்தை இசையோடு சொல்ல, ஏனையோர் அதனைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே தரையில் பரப்பிய நுண்மணலில் விரலால் எழுதினர். நாவும் விரலும் ஒரே நேரத்தில் இயங்கின என்பது இக்குறிப்பிலிருந்து பெறப்படுகிறது.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பணித்த கல்விக் கணக்கெடுப்பின்போது, பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையும் மணலெழுத்தைக் குறிப்பிடுகிறது. குழந்தை ஐந்து வயதளவில் பள்ளிக்கு வந்து, விரலால் மணலில் எழுதியே எழுத்துகளை அறிந்தது. அக்கணக்கெடுப்பின்படி மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498. வங்காளத்தில் 1835 முதல் 1838 வரை அறிக்கைகள் அளித்த வில்லியம் ஆடம், எழுத்துப் பயிற்சியை நான்கு படிகளாக விளக்கினார். முதலில் தரை, அடுத்துப் பனையோலை, பின்னர் வாழையிலை, இறுதியில் தாள். எழுதப்படும் பொருளின் கடினத்திற்கேற்பப் பயிற்சி வளர்ந்தது என்பது தெளிவு.

இம்முறை கடல் கடந்தும் சென்றது. 1789இல் சென்னை எழும்பூரிலிருந்த படைவீரர் ஆதரவற்ற ஆண்குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் இல்லத்தில் அதனைப் புகுத்த முனைந்தபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆதலால் ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டே சிறியவர்க்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல்வழி ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்ற இது, இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் மணல் தட்டுகளாக இடம் பெற்றது.

இவற்றைக் கொண்டு திண்ணைப் பள்ளியை ஒரு பொற்காலமாகக் கொள்ளுதல் பொருந்தாது. அங்குப் பெண்குழந்தைகள் மிகச் சிலரே பயின்றனர். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்டோர் பெரும்பாலும் விலக்கப்பட்டனர். தண்டனைகளும் கடுமையானவை. மேலும், விரல் மணலைத் தொட்டதேயன்றி, குழந்தை தானே ஒன்றை ஆய்ந்து கண்டறிய அங்கு இடம் இருந்ததாகக் கூற இயலாது. கையும் நாவும் இணைந்திருந்தன. தேடும் உரிமை மட்டும் இல்லை. திண்ணைப் பள்ளியின் நிறையும் குறையும் இதனுள் அடங்கும்.

3. ஃப்ரோபெலின் கொடைகளும் ஒரு சென்னை நூலும்

பள்ளிப் பருவத்திற்கு முற்பட்ட குழந்தைக்கெனத் தனிக் கல்வியை வகுத்தவர்களுள் செருமானியரான ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் முதன்மையானவர். 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் அவர் தொடங்கிய நிறுவனம் 1840இல் ‘கிண்டர்கார்ட்டன்’ எனப் பெயர் பெற்றது. ‘குழந்தைகளின் தோட்டம்’ என்பது அதன் பொருள். வண்ணக் கம்பளி நூற்பந்துகள், மரத்தாலான கோளம், உருளை, கனசதுரம் முதலியவற்றை அவர் ‘கொடைகள்’ என அழைத்தார். தாள் மடித்தல், பின்னுதல், களிமண் வனைதல் ஆகியன ‘தொழில்கள்’ எனப்பட்டன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சமயப் பரப்பாளர் பள்ளிகள் வழியாகவும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் வழியாகவும் இவை இந்தியா வந்தடைந்தன. வந்தவற்றுள் பல, பொருளை அறியும் கருவியாக இராமல் ஆணைக்கேற்ப நிகழ்த்தும் உடற்பயிற்சியாகச் சுருங்கின. எனினும் ஓர் அரிய விளைவினை இங்குச் சுட்டுதல் வேண்டும். 1893இல் தா. சுந்தர ராவ் என்பவர் தாள் மடிப்பின்வழி வடிவக் கணிதத்தை விளக்கும் ஆங்கில நூல் ஒன்றைச் சென்னையில் வெளியிட்டார். அதற்கான தூண்டுதல் கிண்டர்கார்ட்டன் கொடைகளுள் ஒன்றான தாள் மடிப்பிலிருந்தே கிடைத்தது என அவரே முன்னுரையில் குறித்துள்ளார். செருமானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் இந்நூலைத் தம் எழுத்தில் சுட்டியதால் அது உலக அளவில் அறியப்பட்டது. மழலையர் கைவேலை எனக் கருதப்பட்ட ஒன்று உயர்கணிதத்திற்கு வாயில் திறந்தமைக்கு இது சான்று. ஆயினும் அவ்வாயில் ஆங்கிலம் கற்ற சிலர்க்கே திறந்திருந்தது.

4. மாண்டிசோரியின் மூன்று படிகள்

1907 சனவரி 6ஆம் நாள் உரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் வாழும் பகுதியில் மரியா மாண்டிசோரி ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். மருத்துவரான அவர், பிரெஞ்சு மருத்துவர் எதுவார் செகேன் உருவாக்கிய முறைகளைப் பயின்றவர். உருளைக் கட்டைகள், அளவில் படிப்படியாகக் குறையும் இளஞ்சிவப்புக் கனசதுரங்கள், மணிச்சரங்கள், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் முதலியன அவருடைய கருவிகள். பிழை நேர்ந்தால் ஆசிரியர் சுட்டாமல் கருவியே அதனைக் காட்டும் வகையில் அவை அமைந்திருந்தன. உருளை தவறான குழியில் இடப்படின், இறுதியில் ஓர் உருளை இடமின்றி எஞ்சும்.

மொழியியலார் கருதத்தக்கது, செகேனிடமிருந்து அவர் மேற்கொண்ட மூன்று படிப் பாடமாகும். முதற்படியில் ஆசிரியர் பொருளைக் குழந்தையின் கையில் தந்து, ‘இது பெரியது, இது சிறியது’ எனப் பெயரிடுவார். இரண்டாம் படியில், ‘பெரியதைக் கொடு’ எனக் கேட்பார். மூன்றாம் படியில், ‘இது எத்தகையது?’ என வினவுவார். கேட்டறிதல் முந்துகிறது, சொல்லாக்கம் பிந்துகிறது. குழந்தை தாய்மொழியைப் பெறும் இயல்பான வரிசையும் இதுவே. கையில் உள்ள பொருளின் ஒரு பண்பினைத் தனியே பிரித்துக் காட்டி, அப்பண்பிற்குரிய சொல்லை அந்நொடியிலேயே வழங்குவது இம்முறையின் உயிர்நிலை. சொல் முன்னரே வீட்டில் கேட்டறிந்த சொல்லாக இருப்பின் அது கூர்மை பெறுகிறது. முற்றிலும் அயன்மொழிச் சொல்லாக இருப்பின், குழந்தை பண்பையும் ஒலியையும் ஒருங்கே புதிதாகக் கற்க வேண்டியதாகிறது.

5. பாவநகரின் பாலமந்திர்

இம்முறை இந்திய மண்ணில் வேரூன்றியதற்குக் காரணமானவர்களுள் முதன்மையானவர் கிஜுபாய் பதேக்கா. 1885இல் சௌராட்டிரத்தில் பிறந்த இவர் வழக்கறிஞர். 1916இல் பாவநகரின் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்து, 1920இல் அங்குப் பாலமந்திரைத் தொடங்கினார். மாண்டிசோரியை அவர் நூல்வழியே அறிந்தார். 1939 சூன் மாதம் கிஜுபாய் மறைந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே மாண்டிசோரி இந்தியா வந்தார். இந்தியாவில் அவருடைய முறைக்குக் களம் அமைத்தவரை அவர் இம்மண்ணில் காண இயலாமற் போயிற்று.

நூல்வழி அறிந்தமை ஒரு வகையில் நன்மையாயிற்று. கிஜுபாய் அம்முறையை அப்படியே படியெடுக்கவில்லை. சிறு குழந்தைக்குக் கற்பனைக் கதைகள் வேண்டா என்பது மாண்டிசோரியின் கொள்கை. கிஜுபாயோ குஜராத்தி நாட்டார் கதைகளையும் விடுகதைகளையும் பாடல்களையும் நாடகத்தையும் வகுப்பறையின் நடுவில் வைத்தார். கதை சொல்லும் கலையைப் பற்றித் தனி நூலே எழுதினார். தமிழில் ‘பகற்கனவு’ எனப் பெயர்த்து வெளியிடப்பட்ட அவருடைய ‘திவாஸ்வப்னா’ நூலிலும், மரபான வகுப்பறையை மாற்ற முனையும் ஆசிரியர் கதையிலிருந்தே தொடங்குகிறார். மக்கள் இவரை ‘மீசை முளைத்த தாய்’ எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர்.

இம்மாற்றத்தை வெறும் உணர்ச்சி சார்ந்ததாகக் கொள்ளலாகாது. கருவி, தனிச்சொல்லைத் தருகிறது. கதை, சொற்களைத் தொடராக இணைக்கிறது. உருளையைத் தொட்டு ‘தடித்தது’ என அறிந்த குழந்தை, ‘தடித்த மரத்தின் பின்னால் நரி ஒளிந்தது’ என்னும் தொடரில் அச்சொல்லை மீண்டும் சந்திக்க வேண்டும். பொருளுக்கும் தொடருக்கும் இடையே தாய்மொழியின் இலக்கியம் பாலமாக நின்றமையே பாவநகர் முறையின் தனித்தன்மை எனலாம்.

6. எழுத்தும் எண்ணும் எழுப்பிய வினாக்கள்

இத்தாலிய மொழிக்கென அமைந்த கருவிகள் இந்திய மொழிகளுக்கு வந்தபோது இரண்டு இடர்ப்பாடுகள் தோன்றின. இவை இன்றும் போதிய அளவு ஆராயப்படவில்லை.

முதலாவது எழுத்து பற்றியது. இத்தாலியத்தில் எழுத்துகள் சிலவே. அவை ஒலிக்கும் முறைப்படி இடமிருந்து வலமாக ஒன்றையடுத்து ஒன்று நிற்பன. குழந்தை ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுத்தட்டையை எடுத்து வைக்க இயலும். இந்திய எழுத்துமுறைகளிலோ மெய்யும் உயிரும் இணைந்த அசையே அடிப்படை அலகு. உயிர்க்குறி மெய்க்கு மேலும் கீழும் வலத்தும் இடத்தும் வரும். குஜராத்தியிலும் தேவநாகரியிலும் குற்றியல் இகரக்குறி மெய்க்கு இடப்புறம் நிற்கும். ஒலிப்பதோ மெய்க்குப் பின்னர். தமிழில் ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றின் குறிகளும் அவ்வாறே. ‘கொ’ என்பதிலோ குறி இருபுறமும் சூழ்ந்து நிற்கிறது. எனவே வாய் ஒலிக்கும் வரிசையும் கை அடுக்கும் வரிசையும் மாறுபடுகின்றன. தேவநாகரியில் எழுத்துகளை மேலே இணைக்கும் தலைக்கோடு தனி அட்டைகளை வெட்டும்போது துண்டுபடுகிறது. குஜராத்தி எழுத்தில் அக்கோடு இல்லை.

வடிவ எளிமை கருதி எழுத்துகளை வரிசைப்படுத்தல் இவ்விடர்ப்பாட்டிற்கு ஒரு தீர்வாகக் கொள்ளப்பட்டது. தமிழ்த் தொடக்க நூல்களிலும் நெடுங்கணக்கு முறையை விடுத்து ‘ட, ப, ம’ என நேர்கோட்டு எழுத்துகளிலிருந்து தொடங்கியதுண்டு. கையின் எளிமைக்கு ஏற்ற வரிசையும் ஒலியின் மரபு வரிசையும் வேறு வேறு என்பதை இது உணர்த்துகிறது.

இரண்டாவது எண்ணுப்பெயர் பற்றியது. மாண்டிசோரியின் மணிச்சரங்களில் இருபத்து மூன்று என்பது இரண்டு பத்துச் சரங்களும் மூன்று ஒற்றை மணிகளும் ஆகும். தமிழில் ‘இருபத்து மூன்று’ என்னும் சொல்லும் அவ்வரிசையிலேயே அமைகிறது. மராத்தியில் அது ‘தேவீஸ்’, குஜராத்தியில் ‘த்ரேவீஸ்’. இவற்றில் ஒன்றாம் இடம் முந்தியும் பத்தாம் இடம் பிந்தியும் வந்து இரண்டும் பிரித்தறிய இயலாவண்ணம் உருகி இணைந்துள்ளன. இருபத்தொன்பதோ மராத்தியில் ‘ஏகோண்தீஸ்’ எனப்படும். ‘ஒன்று குறைந்த முப்பது’ என்பது பொருள். குழந்தையின் கை இரண்டு பத்துகளை எடுக்க, அதன் நா முப்பதைச் சொல்கிறது. தமிழிலும் தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகியவை அடுத்த பேரெண்ணின் பெயரைத் தழுவி நிற்பதால் இவ்விடர் ஓரளவு உண்டு.

இது வெறும் ஏட்டளவிலான செய்தியன்று. 2019இல் மகாராட்டிர அரசின் இரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூல், இருபத்தைந்தைக் குறிக்கும் ‘பஞ்சவீஸ்’ என்பதற்கு ‘வீஸ் பாச்’ எனப் பிரித்துச் சொல்லும் முறையை அறிமுகப்படுத்தியபோது மாநிலமெங்கும் பெரும் விவாதம் எழுந்தது. கணக்கு எளிதாகும் என்றனர் சிலர்; மொழி சிதையும் என்றனர் சிலர். கருவிகொண்டு கற்பிப்போர் நெடுங்காலமாக எதிர்கொண்ட சிக்கலே அப்போது பொதுமன்றத்திற்கு வந்தது. இதற்குரிய விடை சொல்லை மாற்றுவதா, அல்லது உருகிய சொல்லைக் குழந்தை பிரித்துணருமாறு மணிகளைக் கையாளும் முறையை அமைப்பதா என்பது ஆய்வுக்குரியது. எதுவாயினும், ஒரு மொழிக்கு வகுத்த கருவி வேறொரு மொழிக்கு அப்படியே பொருந்தாது என்பது உறுதி.

7. அடையாற்றில் மாண்டிசோரி

1939ஆம் ஆண்டின் இறுதியில் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பினை ஏற்று மாண்டிசோரி சென்னை அடையாறு வந்தார். முதற்பயிற்சியில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் கலந்துகொண்டனர். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் பகைநாட்டுக் குடிமகளானார். அவருடைய மகன் மாரியோ சிறைவைக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார். போர்க்காலத்தின் ஒரு பகுதியை மாண்டிசோரி கொடைக்கானலில் கழித்தார். இயற்கையையும் உயிரினங்களையும் கருப்பொருளாகக் கொண்ட அவருடைய பிற்காலச் சிந்தனை அங்கு வளர்ந்தது. இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்றோர் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர். அகமதாபாத்தில் ஆற்றிய உரைகளின் அடிப்படையில் அமைந்த, குழந்தையின் உள்வாங்கும் மனத்தைப் பற்றிய நூல் 1949இல் அடையாற்றிலிருந்தே வெளிவந்தது. குழந்தை தாய்மொழியைச் சூழலிலிருந்து முயற்சியின்றி உள்வாங்குகிறது என்னும் கருத்து அந்நூலின் மையங்களுள் ஒன்று.

இங்கு ஒரு மொழிச்சூழலைக் கருதுதல் வேண்டும். மாண்டிசோரி இத்தாலியத்தில் உரையாற்றினார். மாரியோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். கேட்டவர்கள் தத்தம் ஊர் திரும்பித் தமிழிலும் குஜராத்தியிலும் மராத்தியிலும் பிற மொழிகளிலும் கற்பிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் பெயர்ப்பு ஒவ்வோர் ஆசிரியரின் தனிப்பொறுப்பாயிற்று. தாய்மொழி இதழும் பயிற்சி நிறுவனமும் இருந்த குஜராத்திலும் மகாராட்டிரத்திலும் அது நிகழ்ந்தது. அவை இல்லாத இடங்களில் கருவியின் பெயரும் பயிற்சியின் பேச்சும் ஆங்கிலமாகவே நின்றன. பின்னாளில் ‘மாண்டிசோரி’ என்னும் பெயர் நகரங்களில் ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளில் மிகுதியும் இடம்பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். சேரிக் குழந்தைகளுக்கெனப் பிறந்த முறை, வசதி படைத்தோர்க்கு உரியதாக மாறியது வரலாற்றின் முரண்.

8. முற்றத்திற்குச் சென்ற பள்ளி

அம்முரணை எதிர்த்து நின்றவர் தாராபாய் மோடக் (1892-1973). இராஜ்கோட்டில் பெண்கள் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த இவர் 1923இல் கிஜுபாயுடன் இணைந்தார். 1926இல் நூதன் பால சிட்சண சங்கம் தோன்றியது. குஜராத்தியிலும் மராத்தியிலும் நடத்தப்பெற்ற ‘சிட்சண பத்திரிகா’ ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் வழிகாட்டியது. 1945இல் தாராபாய் மும்பைக்கு வடக்கே கடற்கரைச் சிற்றூரான போர்டியில் கிராமப்புறப் பாலர் கல்விப் பணியைத் தொடங்கினார். மாணவியாகவும் துணையாகவும் வந்து சேர்ந்தவர் அனுதாய் வாக் (1910-1992). 1957இல் பணி அருகிலிருந்த கோஸ்பாட் குன்றிற்கு மாறியது. அப்பகுதி வார்லி பழங்குடியினர் வாழ்வது. இன்று பால்கர் மாவட்டத்தைச் சார்ந்தது.

அங்குக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளுதல், மாடு மேய்த்தல், தொலைவு, சாதி வேறுபாடு என்று காரணங்கள் பல. ஆதலின் பள்ளியே குழந்தைகளின் குடியிருப்புக்குச் சென்றது. ஒரு வீட்டின் முற்றமே வகுப்பறையாயிற்று. ‘அங்கன்வாடி’ என்னும் கருத்து இவ்வாறு உருவானது. மாடு மேய்க்கும் சிறுவர்க்கு மேய்ச்சல் வெளியிலேயே கல்வி வழங்கும் முயற்சியும் நடந்தது.

விலைமிக்க மரக்கருவிகளுக்கு அங்கு வழியில்லை. கிளிஞ்சல், கூழாங்கல், புளியங்கொட்டை, இலை, மூங்கில், களிமண் போன்றன கருவிகளாயின. இதனைப் பலரும் சிக்கனம் எனப் பாராட்டுவர். மொழியியல் நோக்கில் இது சிக்கனத்தினும் மேலானது. தொழிற்சாலையில் செய்த கனசதுரத்திற்கு வார்லிக் குழந்தையின் வீட்டில் பெயரில்லை. விதைக்கும் இலைக்கும் மூங்கிலுக்கும் உண்டு. எது தின்னத்தக்கது, எது நஞ்சு, எது எரியும், எது மிதக்கும் என்னும் பாகுபாடுகளும் அப்பெயர்களுடன் உள்ளன. கருவி ஊர்ப்பொருளாக மாறியவுடன் குழந்தை சொல்லில் வறியது என்னும் நிலை மாறி, ஆசிரியர்க்கே சொல் கற்பிக்கும் நிலையை அடைகிறது. நகரத்திலிருந்து வந்த ஆசிரியர் இலையின் பெயரைக் குழந்தையிடம் கேட்டறிய வேண்டும். மூன்று படிப் பாடம் அங்கே தலைகீழாகிறது: பெயரிடுபவர் குழந்தை, கேட்டறிபவர் ஆசிரியர்.

இதே காலத்தில் காந்தியடிகளின் ஆதாரக் கல்வியும் இளங்குழந்தைகளை நோக்கித் திரும்பியது. 1937 வார்தா மாநாட்டில் ஏழு வயது முதல் பதினான்கு வரையுள்ளோர்க்கென வகுக்கப்பட்ட அத்திட்டம், 1945இல் சேவாகிராம மாநாட்டிற்குப் பின் ஏழு வயதிற்குட்பட்டோரையும் தழுவியது. நீர் மொள்ளுதல், தூய்மை செய்தல், விதைத்தல், பஞ்சு பிரித்தல் ஆகிய வீட்டுப் பணிகளே அங்குக் கற்றற்செயல்களாயின. இரண்டு மரபுகளும் தாய்மொழியிலேயே நடந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

9. பெயர்கள் கூறும் செய்தி

இந்நிறுவனங்களின் பெயர்களும் வரலாற்றுச் சான்றுகளே. ‘பாலமந்திர்’ என்பதில் குழந்தை கோயிலில் வைக்கப்படுகிறது. ‘பாலவாடி’ என்பதில் ‘வாடி’ வேலி சூழ்ந்த தோட்டத்தைக் குறிப்பது. கிண்டர்கார்ட்டன் என்பதன் கருத்தை மராத்தி தன் சொல்லால் கூறிய திறம் இது. ‘அங்கன்வாடி’ என்பதிலோ தோட்டம் வீட்டு முற்றத்திற்கு வந்துவிடுகிறது. கோயில், தோட்டம், முற்றம் என்னும் இவ்வரிசை, கல்வி மக்களை நோக்கி நெருங்கி வந்த வழியைக் காட்டுகிறது.

தமிழில் இச்சொற்கள் வேறு வரலாறு பெற்றன. ‘பாலவாடி’ மக்கள் வழக்கில் ‘பால்வாடி’ ஆயிற்று. ‘பாலன்’ மறைந்து ‘பால்’ முன்னின்றது. மக்கள் அங்கே கண்டது கல்வியை விட ஊட்டச்சத்தையே என்பதை இத்திரிபு உணர்த்துகிறது எனக் கொள்ளலாம். விறகுவாடி, மரவாடி ஆகியவற்றில் வழங்கும் ‘வாடி’ தமிழர்க்கு அடைப்பிடத்தையே நினைவூட்டும், தோட்டத்தை அன்று. ‘அங்கணம்’ என்பதும் தமிழில் முற்றம் என்னும் பொருளோடு நீர் கழியும் இடத்தையும் குறித்து நிற்கிறது. சொல் வந்தது, அதனுள் இருந்த உருவகம் வரவில்லை. கருவிகளுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே.

10. திட்டங்களின் காலம்

1944இல் சார்ஜென்ட் அறிக்கை பத்து இலட்சம் குழந்தைகளுக்கு இலவச மழலையர் கல்வி வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றபோது கோஸ்பாட் முற்றத்தின் பெயர் நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. இன்று அங்கன்வாடி மையங்கள் ஏறத்தாழ 14 இலட்சம். இத்தகைய விரிவு உலகில் அரிது. உணவும் தடுப்பூசியும் உடல்நலமும் அதனால் பெற்ற பயன் பெரிது.

ஆயினும் பெயர் பரவிய அளவிற்கு முறை பரவவில்லை. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இப்பருவத்தில் எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றை முறைசார்ந்து புகுத்துதல் கூடாதென்றும் விளையாட்டே வழியாதல் வேண்டுமென்றும் கூறிற்று. 1993இல் யஷ்பால் குழு மழலையர் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் நடத்துதலைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. எனினும் நகரங்களிலும் சிற்றூர்களிலும் ‘எல்.கே.ஜி.’, ‘யு.கே.ஜி.’ வகுப்புகள் பெருகின. அங்குக் கை, கோடிட்ட ஏட்டில் ஆங்கில எழுத்தைப் படியெடுத்தது. கிண்டர்கார்ட்டன் என்னும் பெயரின் முதலெழுத்துகள் எஞ்சின, தோட்டம் எஞ்சவில்லை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை ஒரே அடித்தள நிலையாகக் கொண்டு, இயன்றவரை வீட்டுமொழியிலேயே கற்பித்தல் வேண்டும் என்கிறது. 2022இல் அதற்கான கலைத்திட்டச் சட்டகமும், 2023 பிப்ரவரியில் பொம்மைகளும் புதிர்களும் பாவைகளும் அடங்கிய ‘ஜாதூயி பிடாரா’ என்னும் கற்றற்பெட்டியும் வெளிவந்தன. கையும் வீட்டுமொழியும் ஒரே ஆவணத்தில் இடம்பெற்றமை வரவேற்கத்தக்கது.

ஆனால் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பத்தாயிரத்திற்கு மேற்பட்டோர் பேசும் மொழிகள் 121. அவற்றுள் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ளவை 22 மட்டுமே. ஏனைய மொழிகளைப் பேசும் குழந்தையின் வீட்டுமொழி எப்பெட்டியில் இடம் பெறும்? ஒடிசாவில் பழங்குடி மொழிகளில் தொடங்கப்பெற்ற பன்மொழிக் கல்வி முயற்சி, இவ்வினாவிற்கு விடை காண இயலும் என்பதைக் காட்டியுள்ளது. எனினும் அத்தகைய முயற்சிகள் நாட்டின் பரப்பை நோக்கச் சிலவே.

11. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிபுகள் மூன்று.

ஒன்று, செய்து கற்றல் இந்தியாவிற்கு முற்றிலும் புதியதுமன்று, முற்றிலும் பழையதுமன்று. மணலெழுத்தில் கையும் நாவும் இணைந்திருந்தன. குழந்தையின் தன்னுரிமை பின்னர் வந்தது. இரண்டையும் தாய்மொழியில் இணைத்த பெருமை பாவநகருக்கும் கோஸ்பாட்டிற்கும் உரியது.

இரண்டு, கருவிகள் மொழியைச் சாராதவை என்னும் எண்ணம் பிழையானது. எழுத்தட்டையும் மணிச்சரமும் ஒரு மொழியின் எழுத்தமைப்பையும் எண்ணுப்பெயரமைப்பையும் தம்முள் கொண்டுள்ளன. ஒவ்வோர் இந்திய மொழிக்கும் அவற்றைப் புதிதாக வகுத்தல் மொழியியலாரும் ஆசிரியரும் இணைந்து செய்ய வேண்டிய பணியாகும்.

மூன்று, மையத்திலிருந்து அனுப்பப்படும் கற்றற்பெட்டி எத்துணைச் சிறந்ததாயினும், அதில் உள்ள பொருளுக்கு வீட்டுமொழியில் சொல் இல்லையெனில் குழந்தையின் கை இயங்கும், வாய் மூடியிருக்கும். ஆதலின் ஒவ்வோர் அங்கன்வாடியிலும் அவ்வூரின் விதை, இலை, கல், கருவி, விளையாட்டு ஆகியவற்றின் பெயர்களைத் தாய்மாரிடமும் குழந்தைகளிடமும் கேட்டுத் தொகுத்து, அச்சொற்பட்டியலை ஆசிரியர் பயிற்சியின் ஒரு பகுதியாக்குதல் வேண்டும். பெருஞ்செலவு வேண்டாத பணி இது. அழிவின் விளிம்பில் உள்ள மொழிகளுக்கு இதுவே முதல் அகராதியாக அமைதலும் கூடும்.

பள்ளிக்கு வர இயலாத குழந்தையைத் தேடிப் பள்ளி முற்றத்திற்குச் சென்றது 20ஆம் நூற்றாண்டின் அருஞ்செயல். அம்முற்றத்தில் வழங்கும் சொல்லைத் தேடிப் பள்ளி செல்லுதல் இந்நூற்றாண்டில் எஞ்சியுள்ள பணியாகும்.